கூகுள் ட்ரைவில் உள்ள 412 ஜிபி ஆவணங்களை ஸ்கிரிப்ட் மூலம் ஒன்றும் விடுபடாமல் பதிவிறக்குவது எப்படி?

வெள்ளவத்தை ஏடுகாப்போர்:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஸ்கேனர் ஒன்றை வைத்துக்கொண்டு, நாங்கள் ஆறு பேர் நான்கு ஆண்டுகளாகப் பழைய பாடசாலை ஆண்டு மலர்களையும், ஆலயக் கும்பாபிஷேக மலர்களையும், நின்றுபோன சிற்றிதழ்களையும், இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடப்பட்ட ‘கல்வெட்டு’ எனும் நினைவு நூல்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வந்திருக்கிறோம். அவை அனைத்தும் எங்கள் குழுவில் இருந்த ஒருவருடைய கூகுள் ட்ரைவ் கணக்கில் உள்ளன. அவர் இப்போது ரொரன்ரோவில் குடியேறிவிட்டார். இதுவரை சேமிப்பிடத்துக்கான சந்தாவைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டியவர், அடுத்த மாதத்துடன் நிறுத்த வேண்டியிருப்பதாக மிகுந்த வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். அதற்குள் 412 ஜிபி முழுவதையும் இங்குள்ள 2 டெராபைட் வன்தட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலில் உலாவியின் வழியாகக் கோப்புறைகளைப் பதிவிறக்கினேன். ஒவ்வொரு கோப்புறையும் 2 ஜிபி அளவான ஜிப் துண்டுகளாக இறங்கியது. எங்கள் இணைய இணைப்பு இடையிடையே அறுந்ததால் சில துண்டுகள் விரிய மறுத்தன. எந்தத் துண்டில் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கண்டறிய வழியில்லாமல் அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

பின்னர் என் பெறாமகன் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தந்தான். அது ஓடுகிறது, பிழைச் செய்தி எதுவும் காட்டுவதில்லை, இறுதியில் ‘முடிந்தது’ என்றும் எழுதுகிறது. ஆனால் வன்தட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது, எந்தக் கோப்புறையிலும் 100 கோப்புகளுக்கு மேல் இல்லை. 340 பக்கங்கள் கொண்ட மலரிலும் 100 பக்கங்களே இருக்கின்றன. அதைவிடக் கவலை தருவது இன்னொன்று: முழு நூலாகத் தொகுத்து வைத்த பெரிய பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் வெறும் சில கிலோபைட் அளவில் இறங்கியிருக்கின்றன, அவற்றைத் திறந்தால் ‘கோப்பு பழுதடைந்துள்ளது’ என்ற செய்திதான் வருகிறது. இவை தவிர, இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்ட் மீண்டும் முதற்பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

எங்களிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி. பகல் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் நள்ளிரவு 12 மணி முதல் காலை 7 மணி வரைதான் பதிவிறக்க முடியும். இவற்றுள் பல மலர்களின் அச்சுப் பிரதி வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனவே ஒரு பக்கமும் விடுபடக் கூடாது. வழி சொல்லுங்கள்.

தெகிவளை நிரலாளர்:

வணக்கம் ரீச்சர். உங்கள் பெறாமகனின் ஸ்கிரிப்டைப் பார்க்காமலேயே அதில் நேர்ந்திருப்பதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். இந்த வேலையைத் தொடங்கும் எல்லோரும், நானும் உட்பட, இதே மூன்று இடங்களில் தடுக்கி விழுந்திருக்கிறோம்.

கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று ட்ரைவின் ஏபிஐயிடம் (ஸ்கிரிப்டுகள் ட்ரைவுடன் பேசுவதற்கான இடைமுகம்) கேட்டால், அது முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் தருவதில்லை. நாம் எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால் 100 பெயர்களைத் தந்துவிட்டு, அடுத்த பக்கத்தைக் கேட்பதற்கான டோக்கன் ஒன்றையும் சேர்த்து அனுப்பும். அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் 101ஆவது பெயர் வரும். ஸ்கிரிப்ட் முதற்பக்கத்தை வாங்கிக்கொண்டு திருப்தியடைந்துவிட்டது. பிழை எதுவும் நிகழாததால் பிழைச் செய்தியும் வரவில்லை. இதைத் திருத்தும்போது எண்ணிக்கையை 1000 ஆக உயர்த்துவதுடன் நிறுத்திவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். 1000 தான் உச்ச வரம்பு. அதற்கு மேற்பட்ட கோப்புகள் உள்ள கோப்புறையில் இதே தவறு கண்ணுக்குத் தெரியாமல் மறுபடியும் நேரும். அடுத்த பக்கத்துக்கான டோக்கன் வருவது நிற்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும் சுழற்சி ஒன்றே சரியான வழி.

பழுதடைந்ததாகக் காட்டும் பிடிஎஃப் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். நல்ல பிடிஎஃப் கோப்பின் முதல் வரி விழுக்காட்டுக் குறியுடனும் அதையடுத்துப் ‘பிடிஎஃப்’ என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளுடனும் தொடங்கும். உங்கள் கோப்பிலோ ஓர் எச்டிஎம்எல் பக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைக் கூகுள் வைரஸ் சோதனை செய்வதில்லை. பொது இணைப்பின் வழியாக அவற்றைக் கேட்டால், ‘இதைச் சோதிக்க இயலவில்லை, ஆயினும் பதிவிறக்கவா?’ என்று கேட்கும் பக்கம் முதலில் வரும். உலாவியில் நாம் அந்தப் பொத்தானை அழுத்துகிறோம். ஸ்கிரிப்டோ அந்தப் பக்கத்தையே நூலென்று நம்பிப் பிடிஎஃப் என்ற பெயரில் சேமித்துவிட்டது. கணக்கில் உள்நுழைந்து ஏபிஐ மூலம் கோப்பின் உள்ளடக்கத்தைக் கேட்டால் இந்தப் பக்கம் குறுக்கிடாது.

மூன்றாவது சிக்கலுக்கு, ஸ்கிரிப்டை எத்தனை தடவை ஓட்டினாலும் தீங்கு நேராதபடி எழுத வேண்டும். கோப்பு ஏற்கெனவே வன்தட்டில் இருந்து, அதன் அளவும் எம்டி5 எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) ட்ரைவ் சொல்வதுடன் ஒத்திருந்தால் அதைத் தாண்டிச் செல்ல வேண்டும். புதிதாக இறங்கும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக இறங்கிய பின்னரே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பாதி இறங்கிய கோப்பு முழுக் கோப்பாகத் தோற்றமளிக்கும். பாதியிலிருந்து தொடர விரும்பினால், எந்தப் பைட்டிலிருந்து வேண்டும் என்பதைக் கோரிக்கையின் ‘ரேஞ்ச்’ தலைப்பில் சொல்லலாம். சேவையகம் அதை ஏற்றுக்கொண்டால் 206 என்ற எண்ணுடன் மறுமொழி தரும். 200 என்று வந்தால் அது கோப்பை முதலிலிருந்தே அனுப்புகிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் பழைய துண்டின் கடைசியில் ஒட்டிவிட்டால் கோப்பு கெட்டுவிடும். 403 அல்லது 429 என்ற எண்ணுடன் ‘அளவு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று சேவையகம் சொன்னால் 1, 2, 4, 8 விநாடிகள் என்று இடைவெளியை இரட்டித்துக் காத்திருந்து மீண்டும் கேட்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை:

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரி. ஆனால் ரீச்சருக்கு ஒரு மாதமே இருக்கிறது. ஸ்கிரிப்டை முதலிலிருந்து திருத்திக்கொண்டிருப்பதைவிட, இவற்றையெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளை அழைக்கும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. அது விண்டோஸிலும் இயங்கும்.

ரொரன்ரோவில் உள்ளவரின் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டாம். அவர் உங்களுடன் கோப்புறையைப் பகிர்ந்திருந்தால் உங்கள் சொந்தக் கணக்கே போதும். அமைக்கும்போது எத்தகைய அனுமதி வேண்டும் என்று ஆர்குளோன் கேட்கும். வாசிப்பதற்கு மட்டுமான அனுமதியைத் தெரிவு செய்யுங்கள். அப்போது உங்கள் கைத்தவறால் ட்ரைவில் உள்ள மூலக் கோப்பு எதுவும் அழியாது. பகிரப்பட்ட கோப்புறை உங்கள் ட்ரைவின் முதற்பக்கத்தில் தெரியாது என்பதால், அதன் முகவரியின் கடைசியில் உள்ள நீண்ட குறியீட்டை எடுத்து வேர்க் கோப்புறையின் அடையாளமாகக் கொடுக்க வேண்டும்.

‘கொப்பி’ கட்டளையையே பயன்படுத்துங்கள். ‘சிங்க்’ கட்டளையைத் தொடாதீர்கள். சிங்க் என்பது மூலத்தில் இல்லாதவற்றை வன்தட்டிலிருந்தும் அழித்து இரண்டையும் ஒன்றாக்கும் கட்டளை. அங்கே யாராவது ஒரு கோப்புறையைத் தவறுதலாக நீக்கினால், அன்றிரவே உங்கள் பிரதியும் போய்விடும். முதல் ஓட்டத்தை ‘ட்ரை ரன்’ தெரிவுடன் ஓட்டினால், எதையும் இறக்காமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் காட்டும்.

நேரக் கணக்கு: உங்கள் இணைப்பு உண்மையில் விநாடிக்கு 20 மெகாபிட் தந்தால் அது 2.5 மெகாபைட். மணிக்கு 9 ஜிபி, ஏழு மணி நேர இரவுக்கு 63 ஜிபி. ஆக 412 ஜிபிக்கு ஏழு இரவுகள் தேவை. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நள்ளிரவுக்குத் தொடங்கும்படி அமைத்து, ஆர்குளோனின் ‘மெக்ஸ் டியூரேஷன்’ தெரிவில் ஏழு மணி நேரத்தைக் கொடுங்கள். அந்த நேரம் முடிந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பதிவிறக்கங்கள் உடனே வெட்டப்படுவதுதான் வழமை. ஆர்குளோன் பாதிக் கோப்பிலிருந்து தொடராது, அந்தக் கோப்பை மறுநாள் முதலிலிருந்தே இறக்கும். ஆகையால் ‘கட்-ஓஃப் மோட்’ என்பதை ‘சொஃப்ட்’ ஆக்குங்கள். அப்போது புதிய கோப்பைத் தொடங்காமல், கையில் உள்ளதை முடித்துவிட்டு நிற்கும். பகல் டேட்டாவில் சில நூறு எம்பி போகலாம், அது பரவாயில்லை.

ஓர் இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கேட்பது எந்த மென்பொருள் என்று கூகுளுக்குக் காட்ட ஆர்குளோனுடன் வரும் பொதுவான கிளையண்ட் அடையாளத்தை உலகம் முழுவதும் பகிர்ந்து பயன்படுத்துவதால் வேகம் குறையும். எனவே கூகுள் கிளவுட் கொன்சோலில் உங்களுக்கென ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளும்படி எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்த அடையாளம் ‘சோதனை’ நிலையில் இருந்தால் அதன் அனுமதி டோக்கன் 7 நாட்களில் காலாவதியாகிவிடும். உங்களுக்குத் தேவைப்படுவதும் ஏழு இரவுகள்! கடைசி இரவில் எல்லாம் நின்றுவிடாதிருக்க, அதைத் தொடக்கத்திலேயே ‘உற்பத்தி’ நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஆர்குளோனின் அமைப்புக் கோப்பில் உங்கள் டோக்கன் இருக்கும் என்பதால் அதை இங்கே ஒட்டி உதவி கேட்காதீர்கள்.

ரெஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் நேர வலயம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் விடப்பட்டிருந்தால், நள்ளிரவு என்று எழுதியது கொழும்பில் காலை 5.30க்குத்தான் தொடங்கும். என் அலுவலகத்தில் ஒரு மாதப் பகல் டேட்டா இப்படித்தான் ஒரு வாரத்தில் தீர்ந்தது.

கல்கிசைக் கடற்கரை:

ரீச்சர், பதற்றப்பட வேண்டாம். சந்தா முடிந்த மறுநாளே கூகுள் கோப்புகளை அழிப்பதில்லை. கணக்கு இலவச அளவான 15 ஜிபிக்கு மேல் இருப்பதால் புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் போகும். அந்த நிலை 2 ஆண்டுகள் நீடித்தால்தான் உள்ளடக்கம் நீக்கப்படக்கூடும். ஆனாலும் அதை நம்பித் தள்ளிப்போடாமல் இப்போதே இறக்குவதுதான் நல்லது.

கணக்கின் உரிமையாளர் ரொரன்ரோவிலேயே கூகுளின் ‘டேக்அவுட்’ சேவை மூலம் முழுவதையும் 50 ஜிபித் துண்டுகளாக எடுத்து ஒரு வன்தட்டில் இட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால், உங்களுக்கு இரண்டாவது பிரதியும் கிடைத்துவிடும். நீங்கள் இரவு விழித்து இறக்குவதற்கு அது மாற்று ஆகாது, துணையாகும்.

பம்பலப்பிட்டி நூலகர்:

தமிழ்ப் பெயருள்ள கோப்புகளில் மட்டும் தோன்றும் சில சிக்கல்களை யாரும் சொல்லவில்லை. நான் நூலகப் பட்டியல்களுடன் நாள்தோறும் மல்லுக்கட்டுவதால் அவற்றை எழுதுகிறேன்.

‘கொழும்பு’ என்ற சொல்லை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாக வைத்தால் சொல்லில் 8 குறியீடுகள். அதையே ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் 9. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. உங்கள் குழுவில் ஒருவர் மக்கிலிருந்தும் இன்னொருவர் விண்டோஸிலிருந்தும் ஏற்றியிருந்தால், கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் வரும் பெயர்களெல்லாம் இரு வகையாகக் கலந்திருக்கும். ஆர்குளோன் ஒப்பிடும்போது இதைச் சமன்செய்துகொள்ளும். ஆனால் உங்கள் எக்செல் பட்டியலுடன் கோப்புப் பெயர்களைப் பொருத்தும் ஸ்கிரிப்ட் எழுதினால், இருக்கும் கோப்பை இல்லை என்று அது சொல்லும். பைத்தானின் யுனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள ‘நோர்மலைஸ்’ செயற்கூறால் இரு பக்கப் பெயர்களையும் என்எஃப்சி எனும் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிய பின்னரே ஒப்பிடுங்கள்.

அடுத்தது நீளம். ‘கும்பாபிஷேக’ என்பதில் நாம் காண்பது ஆறு எழுத்துகள். யுனிகோடில் அவை 11 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வீதம் 33 பைட். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் தான் இடமுண்டு, அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். ஆலயத்தின் பெயர், ஊர், மலரின் முழுத் தலைப்பு, ஆண்டு எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் நம் பழக்கத்துக்கு இது போதாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் குறியீடுகளை எண்ணுவதால் 255 குறியீடுகள் வரை ஏற்கும். ஆகவே மடிக்கணினியில் இறங்கும் கோப்பு, பின்னர் லினக்ஸ் கணினிக்குப் பிரதி எடுக்கும்போது மறுக்கப்படலாம்.

இன்னொன்று, வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது. ட்ரைவில் இருக்க முடியும். சாதாரண ஸ்கிரிப்ட் இரண்டாவதை முதலாவதன் மேல் எழுதிவிடும். ஆர்குளோன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தவிர்த்ததாகப் பதிவேட்டில் குறிக்கும். அந்தப் பதிவேட்டை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி, ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பல கைகள் ஸ்கேன் செய்த தொகுப்புகளில் ‘பக்கம் 001’ என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்டு இல்லாதிருந்தால்தான் நான் வியப்படைவேன்.

கூகுள் ஷீட்ஸில் எழுதிய பட்டியல்கள் உண்மையில் கோப்புகள் அல்ல. அவை எக்செல்லாக மாற்றப்பட்டே இறங்கும். அவற்றுக்கு எம்டி5 எண் கிடையாது என்பதால் ஒவ்வொன்றையும் திறந்து கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும்.

வெள்ளவத்தை ஏடுகாப்போர்:

மறுமொழி தந்த எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பெறாமகன் இங்கு எழுதப்பட்டவற்றை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டே வேலை செய்தான். நோட்பேடில் பிடிஎஃப்பைத் திறந்தபோது தெகிவளைத் தம்பி சொன்ன எச்சரிக்கைப் பக்கம் அப்படியே உள்ளே இருந்தது.

ஏழு இரவுகள் என்ற கணக்கு எட்டு இரவுகளாயிற்று. மூன்றாம் இரவு மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்துவிட்டது. மறுநாள் நள்ளிரவு அது தானாகவே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததைக் காலையில் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தையில்லை.

ட்ரைவில் உள்ள கோப்புகள் 38,214 என்று தொடங்குமுன் எண்ணி எழுதி வைத்திருந்தோம். எட்டாம் நாள் வன்தட்டில் 38,191 இருந்தன, 23 குறைந்தன. நூலகர் சொன்னபடி பதிவேட்டில் தேடியபோது அவற்றுள் 19, ஒரே பெயரில் இரண்டு தடவை ஏற்றப்பட்டவை என்று தெரிந்தது. இரட்டிப்புத்தானே என்று விட்டிருந்தால் பெரும் பிழையாகியிருக்கும்: 1960களின் ஒரு பாடசாலை மலரில் ‘பக்கம் 001’ என்று ஒருவர் முன்னட்டையையும் மற்றவர் அதிபரின் ஆசியுரையையும் ஏற்றியிருந்தார்கள். எங்களுக்கு வாசிக்கும் அனுமதி மட்டுமே இருந்ததால், ரொரன்ரோவில் உள்ளவரே அவற்றின் பெயர்களை மாற்றித் தந்தார். மறுபடி ஓட்டினோம், 19ம் வந்துவிட்டன. எஞ்சிய 4, வேறொரு கணக்கில் இருந்த கோப்புகளுக்கான குறுக்குவழிகள். மூலக் கணக்கை எங்கள் உறுப்பினர் ஒருவர் மூடிவிட்டதால் அவை எங்கும் இட்டுச்செல்லாத சுட்டிகளாக நின்றன. நல்ல வேளையாக அந்த நான்கு பக்கங்களும் உள்ள சிற்றிதழ் என் அலுமாரியிலேயே இருந்தது. நேற்று மாலை மீண்டும் ஸ்கேன் செய்தோம்.

ஆர்குளோனின் ‘செக்’ கட்டளையால் எல்லாக் கோப்புகளின் எம்டி5 எண்களையும் ஒப்பிட்டோம். வேறுபாடு எதுவும் இல்லை. ஷீட்ஸ் பட்டியல்கள் மூன்றையும் திறந்து வரிகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டேன். இனி இரண்டாவது பிரதி எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனைத் தம்பி தம்மிடம் லினக்ஸ் கணினி இருப்பதாகத் தனிச்செய்தியில் சொன்னார். 255 பைட்டைத் தாண்டும் பெயர்கள் 9 இருக்கின்றன. அவற்றைச் சுருக்கி, பழைய பெயரையும் புதிய பெயரையும் பட்டியலில் அருகருகே எழுதிவிட்டு வரும் சனிக்கிழமை வன்தட்டைக் கொண்டுவரலாமா?

கொட்டாஞ்சேனை:

தாராளமாக வாருங்கள் ரீச்சர். புறப்படுமுன் ஆர்குளோனின் ‘எம்டி5சம்’ கட்டளையால் வன்தட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் எண்களையும் ஓர் உரைக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது பெயர்களையும் மாற்றிய பின்னர் இதைச் செய்ய வேண்டும். முன்னர் செய்தால் பட்டியலில் பழைய பெயர்களே இருக்கும். புதிதாக ஸ்கேன் செய்த நான்கு பக்கங்களும் அதில் சேர்ந்திருக்கட்டும். இங்கே பிரதி எடுத்து முடிந்ததும் இரண்டாவது வன்தட்டை ஒரு தடவை கழற்றி மீண்டும் இணைத்து, அந்தப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். 412 ஜிபியையும் முழுதாக வாசிக்கச் சில மணி நேரம் பிடிக்கும், காலையிலேயே வந்துவிடுங்கள்.